மாங்கொழுந்தில் முடிச்சுப் போடும் சில்லிட்

மாமரத்தின் எதிரிகள் யார் என்று கேட்டால் தத்துப்பூச்சி, பழ ஈ, தண்டுத் துளைப்பான், மாவுப்பூச்சி என்று விரல்விட்டு எண்ணிவிடுவோம். அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராத ஒன்றைப் பற்றியது இந்தப் பதிவு. சில்லிட் என்ற சாறுறிஞ்சும் பூச்சி வகையைச் சேர்ந்த இதன் அறிவியல் பெயர் ஆப்சில்லா சிஸ்டெல்லாட்டா. இமயமலை அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் தராய் என்ற ஈரச் சமவெளிதான் இதன் நாடு. உத்தரகண்டின் அடிவார மாவட்டங்கள், உத்தரப் பிரதேசத்தின் வடபகுதி, வட பீகார், மேற்கு வங்கம், நேபாளத்தின் தராய், வங்கதேசம் என்று அந்தப் பட்டையில் பரவியிருக்கிறது. தசேரி, லங்கடா, சௌசா ஆகிய மா ரகங்கள் விளையும் அந்தத் தோப்புகளில், நன்றாகத் தழைத்த மரம் ஒன்று வருஷா வருஷம் பூக்காமல் நின்றால், 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தப் பூச்சி காரணமாக இருக்கக்கூடும். மாமரத்தை விட்டால் இதற்கு வேறு புகலிடம் இல்லை.

இதை விரிவாக எழுதக் காரணம் இதன் பிழைப்பு முறை. ஆண்டின் 12 மாதங்களில் ஏறக்குறைய 10 மாதம் இது இலை நரம்புக்குள்ளேயோ, மொட்டு கூம்பாக இறுகி உண்டாகும் முடிச்சுக்குள்ளேயோ மறைந்திருக்கிறது. வெளியே வருவது இரண்டே தடவை. அந்தக் காலத்தைத் தவறவிட்டு அரிவாள் எடுத்தாலும் வீண், தெளிப்பான் எடுத்தாலும் வீண். தோப்புக்காரர்கள் கண்ணுக்கு முடிச்சு பளிச்சென்று தெரிகிற நேரமும், பூச்சியை உண்மையில் பிடிக்கக்கூடிய நேரமும் வேறு வேறு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சில்லிட் என்ற இனத்தைத் 'துள்ளும் செடிப்பேன்' என்று சொல்லலாம். ஆனால் தமிழில் இலைப்பேன் என்றால் அது வேறு பூச்சி. வெங்காயத் தாளைச் சுரண்டுவது. செடிப்பேன் என்று பலர் சொல்வது அசுவினியை. தத்துப்பூச்சியும் துள்ளும், ஆனால் அதன் உறவுமுறை வேறு. சில்லிட்டுக்கு நெருங்கிய சொந்தம் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவைதான். எலுமிச்சை, சாத்துக்குடித் தோட்டங்களைப் பாழாக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புவதும் ஒரு சில்லிட்தான். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களின் கவனம் அதன் மேல்தான் குவிந்திருக்கிறது. நம் மாமரத்துச் சில்லிட் நோய் பரப்பிப் பெயரெடுத்ததல்ல. இதன் கேடு நேரடியானது: பூவாகவோ கிளையாகவோ வளர வேண்டிய மொட்டைத் தன் வீடாக மாற்றிக்கொள்கிறது.

வளர்ந்த பூச்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் சில்வண்டைச் சிறுத்துச் செய்து வைத்தது போல இருக்கும். தலையும் மார்பும் கறுப்பு, வயிறு வெளிர்பழுப்பு. கண்ணாடி போன்ற இரண்டு ஜோடி இறக்கைகளை ஓட்டுக்கூரை சரிந்த மாதிரி முதுகின்மேல் மடித்து வைத்திருக்கும். உடம்பைத் திருப்பிப் பின்னங்காலின் அடியைப் பாருங்கள். உடம்போடு சேரும் துண்டு, மற்ற கால்களில் இருப்பதைவிடப் பல மடங்கு பருத்திருக்கும். துள்ளலுக்கு விசை தரும் பெரிய தசைகள் அதற்கு மேலே மார்புக்குள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் விலங்கியலாளர் மால்கம் பர்ரோஸ் 2012இல் இதே குழுவைச் சேர்ந்த ஐரோப்பியச் சில்லிட்கள் சிலவற்றை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து அளந்தார். அவற்றில் ஒன்று 1 மில்லிவினாடி அளவிலான நேரத்தில் வேகமெடுத்து, வினாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் இலையை விட்டுக் கிளம்பியது. கிளம்பும்போதே தலைகுப்புறச் சுழன்றுகொண்டு போவது இவற்றின் வழக்கம். இலையைத் தொட்டவுடன் பூச்சி 'காணாமல் போவது' இதனால்தான். ஆகவே வளர்ந்த பூச்சியைக் கையால் பிடித்து எண்ண நினைக்க வேண்டாம். மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டினால், வெளிவரும் காலம் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் அந்த அட்டையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அட்டையால் மரத்தைக் காப்பாற்ற முடியாது.

சாறு குடித்து வாழும் பூச்சிக்கு ஒரு சங்கடம் உண்டு. மரச்சாற்றில் சர்க்கரை ஏராளம். உடம்பு வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்கள் சொற்பம். சில்லிட்கள் இதற்குத் துணையாக கார்சொனெல்லா என்ற பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாக உடம்புக்குள் வளர்த்து வருகின்றன. தாய் முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கொடுத்துவிடும். 2006இல் ஓர் அமெரிக்கச் சில்லிட்டிலிருந்து எடுத்து இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது மொத்தமே சுமார் 1,60,000 எழுத்துகள்தான் இருந்தன. நம் குடலில் உள்ள ஈ.கோலைக்கு 46 லட்சம். பூச்சியை விட்டுத் தனியாக வாழும் திறனையே அந்தப் பாக்டீரியா இழந்துவிட்டது. சில்லிட்கள் ஒன்றிரண்டு மரவகைகளையே கட்டிக்கொண்டு அழுவது ஏன் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய கூட்டுக்குடித்தனம் நினைவுக்கு வரும்.

பங்குனி, ஆவணி, ஐப்பசி

இதன் ஆண்டுக்கணக்கைத் தமிழ் மாதங்களில் நினைவில் வைப்பது சுலபம். பங்குனியில் முட்டை, ஆவணியில் குஞ்சு, ஐப்பசியில் வெட்டு. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. அசுவினி போல வாரத்துக்கு வாரம் பெருகுகிற பூச்சி அல்ல.

பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் முடிச்சுகள் காய்ந்து வெடிக்கும். உள்ளே இருந்து இறக்கை முளைத்த பூச்சிகள் வெளியே வந்து இணைசேரும். மார்ச், ஏப்ரலில் பெண் பூச்சி முட்டையிடும். ஒரு பெண் 150 முட்டை வரை இடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இடும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்பின் சதையைக் கீறி, அதற்குள் பாதி புதைந்த மாதிரி முட்டையைச் செருகிவிடும். நரம்பை ஒட்டி வரிசையாக, பழுப்பும் கறுப்புமான புள்ளிகள் தையல் போட்டது போலத் தெரியும். வெறும் கண்ணுக்கு அழுக்கு மாதிரி இருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள், போகாது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் நீள்வட்டமாக, பளபளப்பாக இருக்கும்.

அந்த முட்டை உடனே பொரிக்காது. கோடை முழுக்க, மழைக்காலத்திலும் பாதி, நரம்புக்குள்ளேயே கிடக்கும். ஐந்தாறு மாதம். இவ்வளவு காலம் காத்திருக்கும் முட்டை பூச்சி உலகில் அதிகம் இல்லை. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பொரிந்து, மஞ்சள் நிறத்தில் தூசியளவு குஞ்சுகள் வெளியே வரும். அவை செய்யும் முதல் வேலை, இலைக்காம்பு வழியாக நடந்து பக்கத்தில் உள்ள கணுமொட்டை அடைவது. சில அங்குலப் பயணம்தான். அந்த நடைதான் இந்தப் பூச்சியின் வாழ்க்கையிலேயே மிகப் பாதுகாப்பற்ற கட்டம். இறக்கை கிடையாது, துள்ள முடியாது, ஒளிய இடமும் இல்லை.

மொட்டில் வாயை ஊன்றிச் சாறு குடிக்கத் தொடங்கியதும் எச்சிலின் தாக்கத்தால் மொட்டின் வளர்ச்சி திசைமாறுகிறது. கிளையாக நீளாமல், பூங்கொத்தாக விரியாமல், செதில் மேல் செதிலாகத் திரண்டு கூம்பாக இறுகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் முடிச்சு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிடும். குஞ்சு அதற்குள் இருந்துகொண்டு ஐந்து வளர்ச்சிப் பருவங்களைக் கடக்கும். அடுத்த பிப்ரவரி, மார்ச் வரை வெளியே தலைகாட்டாது.

பச்சை முடிச்சு ஒன்றைக் கூர்மையான கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்த்தால் நிறையப் புரியும். கத்திக்கு நல்ல எதிர்ப்பு இருக்கும். கொழுந்துக்கு உரிய மென்மை கொஞ்சமும் இருக்காது. ஓட்டுக்கு ஓடு ஏறிய செதில்கள், நடுவில் இடுக்கு, அந்த இடுக்கில் வெளிர்மஞ்சள் குஞ்சுகள், பக்கத்தில் வெண்மையான மெழுகுப் பொடி. சில்லிட் குஞ்சு சுரக்கும் மெழுகு, அதன் தேன்கழிவைச் சுற்றிப் பூச்சாகப் படிகிறது. மூடிய அறைக்குள் தன் கழிவிலேயே ஒட்டிக்கொண்டு சாகாமல் இருக்க அதுதான் வழி. செதில்கள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதைக் கண்ணால் பார்த்தவர், டிசம்பரில் மேலிருந்து மருந்து தெளித்தால் உள்ளே போகுமா என்று கேட்கவே மாட்டார்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் தெரியும் அல்லவா? அதுவும் காய் அல்ல. ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி உண்டாக்கும் முடிச்சுதான். பூச்சி வேறு, மரம் வேறு. மரத்தின் சதையைக் கொண்டே மரத்துக்கு எதிராக வீடு கட்டுகிற தந்திரம் ஒன்றே.

முடிச்சுதானா என்று உறுதி செய்வது

மாமரத்தில் மூன்று விஷயங்களை இதோடு குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, பூங்கொத்து, தளிர் உருக்கேடு. அது ஃபியூசேரியம் பூஞ்சையால் வருவது. நுனியில் குட்டை இலைகள் கொத்தாக நெருங்கி, துடைப்பக்கட்டை போல ஆகும். பூங்கொத்து தடித்துக் காலிஃப்ளவர் மாதிரி இருக்கும். தொட்டால் மென்மை. பிளந்தால் உள்ளே பூச்சி இராது. இரண்டாவது, இலைக் கொப்புளம். அது ஈ வகையைச் சேர்ந்த ஒரு பூச்சியின் வேலை; மேடுகள் இலைப்பரப்பில்தான் இருக்கும், மொட்டில் இருக்காது. மூன்றாவதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். டிசம்பர், ஜனவரியில் பூவெடுக்கப் போகும் மொட்டு இயல்பாகவே பருக்கும். அது பெரும்பாலும் கிளையின் நுனியில் இருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியும். சில்லிட் முடிச்சோ இலைக்கக்கங்களில் (இலைக்காம்பு கிளையோடு சேரும் இடுக்குகளில்), ஒரே கிளையில் அடுத்தடுத்துப் பலவாக, நுனி கூர்ந்த பச்சைக் கூம்பாக, நகம் பதியாத கடினத்தில் இருக்கும். சந்தேகம் என்றால் பிளந்து பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. ஒரு மொட்டை இழந்தாலும் பரவாயில்லை. நல்ல பூமொட்டு என்று தெரியாமல் நூறு கிளையை வெட்டித் தள்ளுவதைவிட அது மேல்.

கிளையில் எவ்வளவு என்று எண்ணுவதற்கு எளிய முறை: ஏக்கருக்குச் சிதறலாக 10 மரம். மரத்துக்கு நாலு திசையிலும் திசைக்கு 5 நுனிக்கிளை, ஆக 20. மொத்தம் 200 கிளை. இவற்றில் எத்தனையில் பச்சை முடிச்சு இருக்கிறது என்று அக்டோபரில் குறித்து வையுங்கள். காய்ந்த பழைய முடிச்சை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது போன ஆண்டின் கணக்கு. காய்ந்த முடிச்சு கிளையிலேயே வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதால், இரண்டையும் சேர்த்து எண்ணினால் தாக்குதல் இருப்பதைவிட இரண்டு மடங்காகத் தெரியும்.

அரிவாள் எப்போது, எங்கே

சிறிய, நடுத்தர மரங்களில் மருந்தைவிடக் கவாத்துதான், அதாவது கிளை வெட்டுவதுதான், நம்பகமானது என்பது என் திடமான கருத்து. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிக்குள், முடிச்சுள்ள கிளையை நுனியிலிருந்து 15 முதல் 30 செ.மீ. நீளத்துக்கு, கடைசி முடிச்சுக்குக் கீழே நல்ல கணு ஒன்றை விட்டு வெட்ட வேண்டும். முடிச்சை மட்டும் கிள்ளி எடுப்பதால் லாபமில்லை. கக்கத்தில் மொட்டு ஏற்கெனவே செத்துவிட்டது. மேலே உள்ள கிளை எப்படியும் காய்ந்துபோகும்.

ஏன் ஐப்பசி? அப்போது குஞ்சு இளசு. கிளையை வெட்டி முடிச்சு வாடினால் சாறு நின்றுபோய் உள்ளேயே செத்துவிடும். அதே கிளையை பிப்ரவரியில் வெட்டித் தோப்பு ஓரத்தில் குவித்தால், ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்த பூச்சி இருக்கும். முடிச்சு காய்வது அதற்குக் கதவு திறந்துவிட்டது போல ஆகும். வெட்டிய குவியலிலிருந்தே கிளம்பி மறுபடி மரமேறும். ஆகவே தாமதமாக வெட்ட நேர்ந்தால் அன்றன்றைக்கே சாக்கில் கட்டித் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரிக்கவோ, ஒரு முழத்துக்குக் குறையாத ஆழத்தில் புதைக்கவோ வேண்டும். அக்டோபரில் வெட்டியதையும் அப்படியே செய்வது நல்லது. குழியில் போட்டுவிட்டு மண் மூடாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஏப்ரல், மே மாதத்தில் மரம் முழுக்கக் காய்ந்த முடிச்சு தொங்குவதைப் பார்த்து ஆள் வைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. மரத்துக்குச் சுத்தம் கிடைக்கும், காற்று புகும், அவ்வளவுதான். பூச்சி ஏற்கெனவே கிளம்பிப் போய்ப் புதிய இலைகளில் முட்டை வைத்தாகிவிட்டது. காலிக் கூட்டை எரித்துவிட்டுத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

அக்டோபர் கவாத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. வெட்டிய பின் தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் மரம் அந்த இடத்தில் புதுத் துளிர் விட்டுவிடும். அந்தத் துளிர் பூக்கும் வயதை எட்டாது. பக்கத்துக் கிளைகளின் சேமிப்பையும் இழுத்துக்கொள்ளும். எனவே வெட்டிய பின் பூ வரும் வரை தழைச்சத்தையும் பாசனத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். ஒரே ஆண்டில் மரத்தின் நுனிக்கிளைகளில் பெரும்பகுதி பாதித்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு ஆண்டாகப் பிரித்துக்கொண்டு, இடையில் ஆகஸ்ட் தெளிப்பைச் சேர்ப்பதே விவேகம்.

அந்தப் பகுதியின் பழைய தோப்புகளில் மரங்கள் ஓங்கி வளர்ந்து ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். உச்சிக் கிளைக்குக் கம்புக் கத்தரியும் எட்டாது. அங்கே வழி வேறு. அறுவடை முடிந்த கையோடு, ஜூலையில், நடுக்கிளைகள் சிலவற்றை அடியோடு நீக்கி மரத்தைத் திறந்துவிடலாம். அந்த நேரத்தில் முட்டைகள் இலை நரம்புக்குள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். வெட்டிய கிளையோடு முட்டையும் கீழே வந்துவிடும். அப்புறம் பொரிந்தாலும் குஞ்சு ஏற உயிருள்ள மொட்டு இல்லை. இலைகளை மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்பாமல் அப்புறப்படுத்தினால் போதும். வெயிலும் காற்றும் உள்ளே புகுவதால் நிழலடைந்த ஈரம் குறையும்; தெளிக்கும் மருந்தும் உள்கிளை வரை சேரும்.

மருந்து, அதற்கு உள்ள ஒரே ஜன்னல்

மருந்துக்கு உகந்த காலம் ஒன்றுதான்: குஞ்சு இலையிலிருந்து மொட்டுக்கு நடக்கும் ஆகஸ்ட் நடு முதல் செப்டம்பர் நடு வரை. 15 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தெளிப்பு. பொரிப்பு ஒரே நாளில் நடப்பதில்லை, வாரக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் ஒரு தெளிப்போடு நிறுத்தினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

தொடங்கும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதைவிட இலையைப் பார்த்து முடிவு செய்வது மேல். ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து மூன்று நாளுக்கு ஒரு முறை, முட்டைப் புள்ளி உள்ள 20 இலைகளைப் பறித்து நடுநரம்பை லென்ஸில் பாருங்கள். பொரியாத முட்டை புடைத்துப் பளபளக்கும். பொரிந்தது வெறும் ஓடு. ஒரு முனை திறந்து, உள்ளே காலியாகத் தெரியும். முதல் காலி ஓடுகள் தெரிந்த இரண்டு மூன்று நாளுக்குள் முதல் தெளிப்பு முடிந்திருக்க வேண்டும்.

நெடுங்காலமாகப் பரிந்துரையில் இருப்பவற்றில் ஒன்று குயினால்பாஸ் 0.05 சதம். இந்தச் சதக் கணக்கில்தான் தவறு அதிகம். 0.05 சதம் என்றால் 1 லிட்டர் தண்ணீரில் அரை கிராம் வீரியப்பொருள், அதாவது பூச்சியைக் கொல்லும் சரக்கு. கடையில் கிடைப்பது 25 இ.சி. என்ற செறிவுத் திரவம்; அதாவது 1 மில்லியில் கால் கிராம் வீரியப்பொருள். ஆகவே லிட்டருக்கு 2 மில்லி. 100 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி. '0.05 சதம்' என்பதை லிட்டருக்கு அரை மில்லி மருந்து என்று படித்துவிட்டால் நாலில் ஒரு பங்கு வீரியம்தான் மரத்துக்குப் போகும். பூச்சி சாகாது, எதிர்ப்புசக்தி வளரும். பழைய கையேடுகளில் மோனோகுரோட்டோபாஸ் என்று எழுதியிருக்கும். அதன் 36 எஸ்.எல். என்ற திரவ வடிவத்துக்கு இந்திய அரசு 2023இல் தடை ஆணை பிறப்பித்துவிட்டது; அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். எந்த மருந்தானாலும் வாங்குகிற டப்பாவின் சீட்டில் மா என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

வளர்ந்த மரத்துக்கு விசைத்தெளிப்பானில் 10 முதல் 15 லிட்டர் கரைசல் பிடிக்கும். தெளிக்கும் முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். முட்டை இலையின் அடிப்பக்கம், குஞ்சு நடக்கும் பாதை காம்பின் அடிப்பக்கம், சேரும் இடம் கக்கம். மேலிருந்து மழை பெய்வது போலத் தெளித்தால் இலையின் மேல்பரப்பு பளபளவென்று நனையும், பூச்சி இருக்கும் பக்கம் உலர்ந்தே கிடக்கும். தராயில் ஆகஸ்ட் என்பது அடைமழைக் காலம் என்பதால் ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை முதல் 1 மில்லி சேர்த்து, குறைந்தது 5, 6 மணி நேரம் மழை இல்லாத பொழுதாகப் பார்க்க வேண்டும். தெளித்த அன்று மாலையே கொட்டித் தீர்த்தால் 15 நாள் காத்திருக்காமல் அடுத்த வெயிலில் மறுபடி தெளிக்க வேண்டியதுதான். சௌசா போன்ற கடைசி ரகங்களில் அந்த நேரம் காய் மரத்தில் நிற்கக்கூடும். கடைசிக் காய் இறங்கும் முன் தெளிப்பானைத் தொடக் கூடாது.

மற்ற காலத் தெளிப்புகள் ஏன் தோற்கின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் ஜூலை வரை முட்டை நரம்புச் சதைக்குள் புதைந்திருக்கிறது; தொட்டால் கொல்லும் மருந்து அதைத் தொடுவதே இல்லை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை குஞ்சு செதில் கோட்டைக்குள். மார்ச்சில் வளர்ந்த பூச்சி வெளியே நிற்கிறது, மருந்து அதைக் கொல்லும், உண்மைதான். ஆனால் மார்ச் மாமரம் பூத்து நிற்கும் மாதம். மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களும். சில்லிட்டைக் கொல்லப் போய் அவற்றைக் கொன்றால், முடிச்சு தின்றது போக மிஞ்சிய கிளைகளிலும் காய் பிடிக்காது. இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சமரசமே இல்லை: பூவின் மேல் பூச்சிக்கொல்லி கூடாது.

அக்டோபர் நடுவில் 2,4-டி என்ற களைக்கொல்லியை 150 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 150 பங்கு) அளவில் தெளித்தால் முடிச்சு வாய்பிளந்து குஞ்சு செத்துவிடும் என்ற பரிந்துரையையும் படித்திருப்பீர்கள். அந்த அளவில் அது வளர்ச்சி ஊக்கியாகத்தான் வேலை செய்கிறது, களைக்கொல்லியாக அல்ல. ஆனாலும் மாமரம் அகன்ற இலைத் தாவரம். கரைசல் கொஞ்சம் கூடினால் இலை சுருண்டுவிடும்; காற்றில் பறந்தால் பக்கத்து வயலின் காய்கறியும் கடுகும் கருகும். 150 பி.பி.எம். என்பது லிட்டருக்கு 0.15 கிராம் வீரியப்பொருள். தோப்பில் நின்றுகொண்டு அவ்வளவு நுட்பமாக நிறுக்க வசதி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். முன்பு களைக்கொல்லி அடித்த தெளிப்பானையே மாமரத்துக்கும் பயன்படுத்துவது அதைவிட ஆபத்து.

முடிச்சுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போது வேறொரு ஜீவனும் கண்ணில் படலாம். இனோஸ்டெம்மா ஆப்சில்லே என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி. 1984இல் இந்திய மாமரப் பூச்சிகளின் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தபோது விவரிக்கப்பட்டது. பெயரிலேயே இந்தச் சில்லிட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கைக்கு அடக்கமான கண்ணாடிப் புட்டியில் பச்சை முடிச்சுகள் சிலவற்றைப் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்துப் பார்க்கலாம். பிப்ரவரியில் பறித்த முடிச்சாக இருக்க வேண்டும். அக்டோபரில் பறித்தது வாடி உள்ளே எல்லாம் செத்துவிடும். துணியில் வந்து மோதுவது துள்ளினால் சில்லிட், துள்ளாமல் விறுவிறுவென்று நடந்தால் குளவி. குளவி நிறைய வருகிற தோப்பில் ஆகஸ்ட் தெளிப்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, கவாத்தில் கூடுதல் கவனம் வைப்பதே நான் எடுக்கும் முடிவு.

கன்று வாங்கும்போதும் ஒட்டுக்கட்டும்போதும் கவனம் வேண்டும். தராயிலிருந்து கொண்டுவரும் ஒட்டுக்குச்சியில் நடுநரம்புப் புள்ளி உள்ள இலை இருந்தால் முட்டையும் கூடவே பயணம் செய்யும். ஒட்டுக்குச்சியின் இலைகளை எப்படியும் கழித்துத்தான் கட்டுவோம். கழித்த இலையை நாற்றங்காலிலேயே போடாமல் எரித்துவிட வேண்டும். நாற்றங்காலில் உள்ள கன்றுகளை ஏப்ரலில் ஒரு தடவை இலை இலையாகத் திருப்பிப் பார்க்கலாம். கன்றுக்கு 20, 30 இலைதான் இருக்கும். புள்ளி விழுந்த இலையைக் காம்போடு கிள்ளி எடுத்தால் அந்த ஆண்டுக்கு அந்தக் கன்றில் வேலை முடிந்தது. ஆகஸ்ட் வரை நாலு மாத அவகாசம் இருக்கிறது, ஆனால் ஏப்ரல் இலை வெளிர்ப்பச்சையாக இருக்கும்போதுதான் கறுத்த புள்ளி எடுப்பாகத் தெரியும். ஜூனுக்கு மேல் இலை முற்றிக் கரும்பச்சை ஆனபின் லென்ஸ் இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.